வீட்டுக்கு வைத்த ஆள்

ஆலங்குடா,
19.08.2015

தம்பி மஸாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்குவார்கள். அப்படி எழுத இன்று என் கை மறுக்கிறது. உன் மகன் ஸஜீதுக்குச் சுகமில்லை. அதை நீ ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன், பாதியில் நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தும் நீ பேசவில்லை. கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான். ஆனால் மிச்சப் பாதி உன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். கண்டக்குழியிலிருந்து டோஹாவுக்கு வேலைக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் அறையில் மற்றவர்கள் இருக்கும்போது பிரிக்காதே. எனக்கு வெட்கமில்லை, உனக்காகச் சொல்கிறேன்.

கூடப்பிறந்த மூத்தவன், உன் நானா, என்னிடம் போனில் நீ கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. “வருத்தம் என்டா வார்டுல வச்சிருக்கோணும். சுகம் என்டா வீட்டுல இருக்கோணும். காலையில போய்ப் பின்னேரம் வாறதுக்கு அது என்ன நானா, ஆஸ்பத்திரியா, கந்தோரா?” நல்ல பகிடி. இங்கே பஸ்ஸிலும் இதே பகிடிதான். எங்களை ஏற்றுகிற கொண்டக்டர் போன கிழமை எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: “அலியார் நானாக்கு இந்த வயசுலதான் அரசாங்க வேலை கிடைச்சிருக்கு, இனி பென்சனும் வரும்.” பஸ் முழுக்கச் சிரித்தது. ஸஜீத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொண்டக்டருக்கு விஷயம் தெரியாது, அவனை மன்னிக்கலாம். நீ அந்தப் பிள்ளையின் வாப்பா.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். முதலில் அவனை வார்டில் வைத்துத்தான் பார்த்தார்கள். உயிருக்குப் பயமிருந்த நாட்கள் அவை. அது கொஞ்சம் தணிந்ததும் பகல் வார்டுக்கு மாற்றினார்கள். கிழமைக்கு மூன்று நாள் காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் கூட்டிவர வேண்டும். ஏன் வீட்டுக்கு விடுகிறீர்கள் என்று உன்னைப்போலவே நானும் சண்டை பிடித்தேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண், உன் மனைவியை விட வயது குறைவு. அவர் சொன்னார், என்றைக்கும் ஆஸ்பத்திரிக்குள் வைத்திருந்தால் அவனுக்கு ஆஸ்பத்திரியில் வாழ மட்டும்தான் பழகும். வீட்டிலே தூங்கி எழும்பி, வீட்டுச் சோறு தின்று, வீட்டு மனிதர்களைச் சமாளித்து வாழவும் அவன் பழக வேண்டும் என்று. அவர்கள் பகலைப் பார்க்கிறார்கள். இரவை நம்மிடம் நம்பித் தந்திருக்கிறார்கள். இது பாதி வைத்தியம் இல்லை. மற்றப் பாதி நாம். அந்த மற்றப் பாதியில் நீ இல்லை.

அந்த இடம் நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான கட்டடம். கட்டில் கிடையாது. கதிரைகள், பாய்கள், ஒரு கரம் பலகை. குளிசை, அதாவது மாத்திரை, கொடுப்பார்கள். வட்டமாக இருத்திக் கதைக்க வைப்பார்கள். கதைக்க ஏலாதவன் சும்மா இருக்கலாம், ஆனால் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் கிழமைகளில் ஸஜீத் பார்சலைப் பிரிக்கவே இல்லை. இப்போது பாதி சாப்பிடுகிறான். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம். வாசிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரும் என்றால் கடிதத்தை இங்கேயே வைத்துவிடு.

அங்கே றோசலின் என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி, சிலாபத்துக் கத்தோலிக்கப் பெண். வாய் கொஞ்சம் நீளம். குடும்பத்து ஆட்களையும் சில நாள் உள்ளே இருத்திக் கதைப்பார்கள். பிள்ளையிடம் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். ஐந்து நேரம் தொழச் சொல்கிறேன், வெள்ளன எழும்பச் சொல்கிறேன், வாப்பா வெயிலில் காய்வதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மிஸ்ஸி உடனே, “நானா, நீங்க புத்திமதி சொல்லாத நாளைக்கு எனக்குச் சொல்லுங்க. அண்டைக்கு இவருக்குக் குளிசையைக் குறைக்கலாமா எண்டு டொக்டரிட்டக் கேப்பம்” என்றார். அங்கிருந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், பாண் சுற்றி வந்த பத்திரிகையில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். யாரிடமும் புத்தி கேட்டு வளரவில்லை, கேட்காதவர்களுக்கும் சொல்லியே பழகிவிட்டேன். அன்று பஸ்ஸில் ஆத்திரத்தில் வாயே திறக்கவில்லை. பாலாவிக்குக் கிட்ட, காற்றாலைகள் தெரிகிற இடத்துக்கு வரும்போது ஸஜீத் தானாகச் சொன்னான்: “பெரியாப்பா, அந்தக் காத்தாலை ஒண்டு மட்டும் சுத்துதில்ல.” மாதக்கணக்கில் நாம் கேட்காமல் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. “ஓம்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்படி நிறுத்துவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் கையில் வளர்ந்த உனக்குத் தெரியும்.

இனி உனக்குப் பிடிக்காத கதைக்கு வருகிறேன்.

அவன் மன்னார் வீட்டுக் குளத்துக்குக் குளிக்கப் போனான் என்று உனக்குச் சொன்னார்கள். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அவன் குளிக்கப் போகவில்லை, மஸாஹிர். உடுத்த உடுப்போடு, கழுத்தளவு தண்ணீரில், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த சிவராசா என்ற மனிதர் இறங்கிக் கையைப் பிடித்துக் கொண்டுவந்தார். அவர் அன்று வேறு வழியால் போயிருந்தால் இந்தக் கடிதம் வேறு கடிதமாக இருந்திருக்கும். இதை யாரும் உனக்கு எழுதமாட்டார்கள். உன் மனைவி ரிஃப்கா உனக்குப் பயப்படுகிறாள். மற்றவர்கள் ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு இரண்டும் இல்லை.

தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டில் வைக்கக்கூடாது என்று றோசலின் மிஸ்ஸி சொன்னார். அன்றே எடுத்து, வெங்காயத் தோட்டத்துக் காணிக்காரரின் பூட்டுக்குள் வைத்தேன். ஏன் என்று நீ கேட்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

அந்தப் பிள்ளை ஏன் அந்தக் குளத்தடிக்குப் போனான்? நீதான் அவனை அங்கே வைத்தாய். யுத்தம் முடிந்து, சனம் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கியதும், நம் வாப்பாவின் வளவில், அந்தப் பழைய காணியில், உனக்கு அரசாங்க வீட்டுத் திட்டம் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் வீடு கிடைத்தவன் அங்கே குடியிருக்க வேண்டும், அதிகாரிகள் பார்க்க வரும்போது ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார்கள். நீ டோஹாவில். ரிஃப்கா உன் மகள் ஹஃபீலாவின் பள்ளிக்கூடத்துக்காக இங்கே. அதனால் பதினைந்து வயதுப் பொடியனை இங்கத்தைய பள்ளிக்கூடத்திலிருந்து வெட்டி, அங்கே பதிந்து, பூச்சுப் பூசாத வீட்டுக்குள் ஆளாக வைத்தாய். இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம் இதைத்தான் செய்கிறது, எனக்குத் தெரியாததல்ல. இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு பதிவு. இங்கே ஒரு காலும் அங்கே ஒரு காலும். கிழவன் கிழவியை வைப்பார்கள், வேலையில்லாத மச்சானை வைப்பார்கள். நீ படிக்கிற பிள்ளையை வைத்தாய். ரிஃப்கா மாதத்தில் சில நாள் போய்ச் சமைத்துக் கொடுத்தாள். மற்ற நாள் ரோட்டுக் கடைப் பாணும் சம்பலும். இங்கே பள்ளிக்கூடத்தில் அவனை அகதி என்றார்கள். அங்கே போனால், வீடு பிடிக்க வந்த புத்தளத்தான் என்றார்கள். அவன் எந்த ஊரான் என்று நீயாவது அவனுக்குச் சொன்னாயா?

பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா, குளத்தடி ஜின் பிடித்திருக்கிறது, லெப்பையிடம் கொண்டுபோய் ஓதிக் கட்டு என்கிறார். ஓதட்டும். அல்லாஹ்வின் வார்த்தைக்கு நான் எதிரியல்ல, நானே ஓதி ஊதுகிறேன். ஆனால் குளிசையை நிறுத்து என்று சொல்கிறவன் எந்த லெப்பையானாலும் என் படியேற விடமாட்டேன்.

இப்போது நீ சொல்கிறாய், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வீடு பார்க்க வருகிறார்கள், ரிஃப்காவின் தம்பி றிம்ஸானை வான் வண்டியோடு அனுப்புகிறேன், ஸஜீதை ஏற்றிவிடுங்கள் என்று. “வீட்டைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க, அதுக்குப் பிறகு வேணுமெண்டாக் கூட்டிப் போங்க” என்றாய். அந்த வீட்டுக்குள் அவனை மறுபடி வைத்தால், அதற்குப் பிறகு கூட்டிப்போக ஆள் இருக்குமா என்று நீ யோசிக்கவில்லை. நான் அவனை ஏற்றிவிடமாட்டேன். பகல் வார்டை ஒரு நாளும் விடமாட்டேன். வீடு போனால் போகட்டும்.

நீங்களே அங்கே போய் இருக்கலாமே என்றும் போனில் நக்கலாகக் கேட்டாய். என் பதில் உனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு உடுத்த துணியோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியபோது உனக்கு மீசை முளைக்கிற வயது, எனக்கு எல்லாம் விளங்குகிற வயது. மன்னார் முஸ்லிம் சனத்தைத் துப்பாக்கி காட்டித் துரத்திய இயக்கத்தார் போ என்று நம்மிடம் வாயால் சொன்னார்கள். வா என்று இதுவரை எந்த வாயும் சொல்லவில்லை. அப்படி ஒரு வாய் சொல்லும் வரை அந்த மண்ணில் கால் வைப்பதில்லை என்று அன்று சொன்னேன். இத்தனை வருடமும் வைக்கவில்லை. அது என் பிடிவாதம், அதில் நீ கை வைக்காதே.

கோபத்தில் எழுதினேன். கோபத்தைக் குறைத்து எழுத எனக்கு வராது. அல்லாஹ் உன்னைப் பாதுகாக்கட்டும், உன் மகனை உன்னிடமிருந்தும் பாதுகாக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மூத்த நானா
அலியார்

❖

முசலிப் பக்கம், வாப்பாவின் வளவு,
28.10.2015

தம்பி மஸாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்து நீ ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாய். சரியாகத்தான் வாசித்திருக்கிறாய். உன் வீட்டு விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன். வென்றுவிட்டதாக நினைக்காதே. முழுக்க வாசி.

என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. வானை அனுப்பினாய். பெருநாள் முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுதுவிட்டு வருகிறேன், வாசலில் றிம்ஸான் வானைத் திருப்பி நிறுத்தியிருக்கிறான். மரியாதையாகத்தான் பேசினான். “நானா, எனக்கும் உங்களுக்கும் ஒரு சண்டையும் இல்ல. மச்சான் சொன்னார், வந்தன். பொடியனத் தாங்க, பொழுதுபடமுன்னம் போய்ச் சேரோணும்” என்றான். வாசல் படலையில் குறுக்கே நின்று, என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். றஹ்மத் உம்மா வேலிக்கு மேலால், “கிழவன் விடமாட்டான், வானத் திருப்பு” என்று எனக்காகக் கத்தினார். ஜின் கதையை அன்று மட்டும் மறந்துவிட்டார்.

அப்போது ஸஜீத் உள்ளேயிருந்து வந்தான். யாரும் சொல்லாமலே உடுப்புப் பையைக் கட்டியிருந்தான். பெருநாள் சேட்டுப் போட்டு, தலை இழுத்துச் சீவி, குளிசைப் பையையும் மறக்காமல் எடுத்திருந்தான். “பரவாயில்ல பெரியாப்பா, நான் போறன். வாப்பாக்கு வீடு வேணும்தானே” என்றான். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. உன் வீட்டுச் சாமான் ஒன்றை ஏற்றி அனுப்புவதுபோல் தன்னைத்தானே ஏற்றி அனுப்ப வந்து நின்றான்.

மஸாஹிர், நீ அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவன் கத்தியிருந்தால், கல்லெடுத்து எறிந்திருந்தால், வாப்பாவின் வீடு நெருப்புப் பற்றட்டும் என்றிருந்தால் நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பேன். சரி என்றானே, அந்தச் சரிதான் அவனுடைய நோய். கீழ்ப்படிகிற நல்ல பிள்ளை என்று நீயும் நானும் இந்த ஊரும் இத்தனை நாள் பெருமைப்பட்டது அந்த நோயைத்தான்.

அவன் கையிலிருந்த பையை வாங்கினேன். குளிசைப் பையை மட்டும் எடுத்து ரிஃப்காவிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு நான் போய் வானில் ஏறி இருந்தேன். “என்ன நானா, விளையாடுறீங்களா?” என்றான் றிம்ஸான். வீட்டுக்கு ஆள்தானே கேட்டார்கள், ஆள் எத்தனை வயதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்களா, காணி உறுதியில் என் பெயரும் இருக்கிறது, வானை எடு என்றேன். பைக்குள் இருந்தது ஒரு பொடியனின் உடுப்பு, எனக்கு ஒன்றும் அளவில்லை. இங்கே வந்து சிவராசாவின் பழைய சாரத்தைத்தான் உடுத்தேன். நீ சிரிக்கலாம், இதற்குச் சிரிக்க நான் அனுமதிக்கிறேன்.

வான் புறப்படும்போது ரிஃப்கா ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தாள். ஸஜீதைப் பகல் வார்டுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. “மச்சான், திங்கக்கிழமை நான் கூட்டிப் போறன்” என்று சொன்னாள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று நீ போனில் போட்ட கட்டளை எனக்குத் தெரியும். அதை அவள் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் உடைத்தாள். அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நான் சொல்கிறேன். அதற்காக அவளோடு ஒரு வார்த்தை சத்தமாகப் பேசினாய் என்று கேள்விப்பட்டால், நான் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவேன்.

இங்கே வந்து சேர்ந்தபோது மழை. வான் சேற்றில் புதைந்து, கடைசித் துண்டு நடந்துதான் வந்தோம். என் சத்தியம் உடைந்ததைப் பற்றி எழுதச் சொல்லாதே. வாய் திறந்து வா என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன். அந்தக் கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீடு நல்ல வீடு. இரண்டு அறை, ஓடு, தகரக் கதவு. உன் காசு தெரிகிறது. ஆனால் ஒரு ஜன்னல்தான். அதைத் திறந்தால் குளம். மூடினால் இருட்டு. இந்தத் தெருவில் பதினொரு வீடு கட்டியிருக்கிறார்கள், ஒன்பதுக்குப் பூட்டு. வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாள் வானில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளின் உடுப்பைக் கொடியில் போட்டு, போன பிறகு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் போய்விடுகிறார்கள். மற்ற நாட்களில் மனிதச் சத்தம் இல்லை. முதல் கிழமை நான் சத்தமாகக் குர்ஆன் ஓதினேன். பிறகு குரல் களைத்து, சும்மா இருந்தேன். எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, நினைத்துக் கோபப்பட என்னிடம் ஒரு வாழ்க்கை அளவு விஷயம் இருக்கிறது. அதையும் நினைத்து முடித்த பிறகு இங்கே இருப்பது ஜன்னல்தான். அவனிடம் நினைக்க என்ன இருந்திருக்கும்? ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்தானே.

அவனுக்கு ஜின் எதுவும் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் இருந்து பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

வீடு பார்க்க வந்த அதிகாரி ஒரு சின்னப் பொடியன், இரண்டு பேரோடு வந்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, தன் வேலையைச் செய்தான். யார் இருக்கிறீர்கள் என்றான், நான் என்றேன். தனியாகவா என்றான், ஓம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “ஐயா, இந்த வயசில இந்த இடத்தில தனிய இருக்க ஏலுமே? ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆர் இருக்கினம்? உங்கட பிள்ளையள் உங்கள இப்பிடி விட்டிட்டுப் போகலாமே?” என்றான். அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். கிழவனுக்காக ஒரு அந்நியன் இரங்கினான். இதே கதிரையில் இருந்த பொடியனிடம் இந்தக் கேள்வியை உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ரிஃப்கா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, அவன் படித்த பள்ளிக்கூடம் கேட்கவில்லை. உன் பெயரை அவர்கள் வெட்டவில்லை. வீடு உனக்குத்தான்.

சிவராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த அன்றே விளக்கைக் கண்டு வந்தார். வேலிக்கு வெளியே நின்று முதலில் கேட்டது, “பொடியன் எப்பிடி இருக்கிறான்?” என் பெயரைக்கூடப் பிறகுதான் கேட்டார். தினமும் பின்னேரம் ஒரு போத்தல் பால் கொண்டுவந்து வேலியடியில் வைக்கிறார். தொண்ணூறாம் ஆண்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நாளில் அவர் எங்கே நின்றார், நம்மைப் போக விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்பேன். அது வரைக்கும் பாலைக் குடிக்கிறேன்.

போன் சிக்னலுக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும். அங்கே நின்றுதான் ரிஃப்காவோடு பேசுகிறேன். ஸஜீத் சுகமாகிவிட்டான் என்று எழுதினால் பொய். நான் போன பிறகு இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை. பெரியாப்பாவை நான்தான் அங்கே தள்ளிவிட்டேன் என்று முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். ரிஃப்கா பயந்து றோசலின் மிஸ்ஸிக்குப் போன் எடுத்திருக்கிறாள். “எழும்பாட்டிப் பரவாயில்ல, குளிசையைக் குடுங்க, பக்கத்தில இருங்க, திங்கக்கிழமை பாயோட எண்டாலும் கொண்டாங்க” என்றாராம். கொண்டுபோயிருக்கிறாள். பஸ்ஸில் தலையை அவள் தோளில் வைத்துப் போனானாம், பதினாறு வயது ஆம்பிளைப் பிள்ளை, ஊர் பார்க்க. அவள் வெட்கப்படவில்லை.

போன கிழமை ஹஃபீலாவோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை பிடித்து, அவள் முதுகில் ஒரு அடியும் போட்டிருக்கிறான். ரிஃப்கா அடக்கப் போனாளாம், பிறகு நின்றுவிட்டாளாம். மிஸ்ஸியிடம் சொன்னதற்கு, “அல்லேலூயா” என்றாராம். எனக்கும் சந்தோஷம். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கிறவன் இருக்க விரும்புகிறான் என்று அர்த்தம்.

டொக்டர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். போனில் அல்ல, ஆளாக. வட்டத்தில் எல்லாரும் வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது ஸஜீத் உன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லையாம். திட்டுவதும் இல்லை, புகழ்வதும் இல்லை. வாப்பா எங்கே என்று கேட்டால், “வீடு கட்டுறார்” என்கிறானாம்.

டிசம்பரில் உனக்கு லீவு. கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கி நேரே மன்னார் பஸ்ஸில் ஏறி வீட்டைப் பார்க்க வருவேன் என்று றிம்ஸானிடம் சொல்லியிருக்கிறாய். வராதே. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பூச்சுப் பூசவும் ஆள் பிடித்திருக்கிறேன், குளத்துப் பக்கத்து ஜன்னலை அடைத்து ரோட்டுப் பக்கம் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் கேட்கவில்லை. நீ பாலாவியில் இறங்கி ஆலங்குடாவுக்குப் போ. பெட்டியைத் திறந்து சாமான் காட்டாதே. தைரியமாக இரு என்று சொல்லாதே, நான் சொல்லிப் பார்த்தேன், அது மருந்துக்கு எதிரான மருந்து. அவன் பக்கத்தில் இரு. அடுத்த நாள் வார்டுக்குப் போகும் நாளாக இருந்தால் முதல் பஸ்ஸில் நீ கூட்டிப்போ. அங்கே குடும்பத்து ஆட்களுக்கு ஒரு வரிசைக் கதிரை இருக்கிறது. ஒருவேளை அவன் உன்மேல் கோபப்படுவான். எல்லாருக்கும் முன்னால், சிங்களத்தில் என்றாலும் தமிழில் என்றாலும், கேட்கக்கூடாததைக் கேட்பான். நீ எழும்பி வெளியே போகாதே. பதில் சொல்ல வராவிட்டால் சும்மா இரு. நம்முடைய வாப்பா நம்மிடம் அப்படி ஒரு நாளும் இருக்கவில்லை, எனக்கும் வராது, உனக்கும் வராது என்று தெரியும். ஆனாலும் இரு.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இந்தக் குளத்தை நான் தினமும் பார்க்கிறேன், மஸாஹிர். சிவராசா எந்த இடத்தில் இறங்கினார் என்று எனக்குக் காட்டினார். கரையிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு பிள்ளை நடந்து போகும்வரைக்கும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே ஒருவரும் இருக்கவில்லை.

உன் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் முந்தி உன்னை உன் மகனிடம் கொண்டுபோய் இறக்கட்டும்.

உன்மேல் கோபம் தீராத,
உனக்காகத் துஆவை நிறுத்தாத,
உன் நானா
அலியார்